ஹமில்டன் விமானத்தில் ஓர் இடம்

எங்கள் ஆட்கள் சாவுச் செய்தியை நேரே சொல்லமாட்டார்கள். தூரத்தில் இருப்பவருக்கு முதலில் "கொஞ்சம் கடுமை" என்று ஒரு செய்தி போகும். அவர் அடித்துப் பிடித்துக்கொண்டு புறப்படுவார். வழி முழுக்க நேர்த்தி வைப்பார். வாசலில் நிற்கிற சனத்தையும் கட்டியிருக்கிற பந்தலையும் கண்ட பிறகுதான் அவருக்கு விசயம் விளங்கும். என் தாய் யாழ்ப்பாணத்தில் இறந்தபோது எனக்கும் இப்படித்தான் செய்தார்கள். "அம்மாவுக்குச் சுகமில்லை, பயப்பட ஒண்டுமில்லை" என்று அக்கா கொழும்பிலிருந்து தொலைபேசியில் சொன்னாள். அவள் அதைச் சொல்லும்போது அம்மாவின் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவே முடிந்திருந்தது. பிறகு உண்மை தெரிந்தபோதும் நான் ஒருவரையும் கோபிக்கவில்லை. அந்நிய தேசத்தில் தனியே கிடப்பவன் உடைந்துபோவான் என்றுதானே மறைத்தார்கள், அதுவும் ஓர் அன்புதானே என்று எண்ணினேன். தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஜூன் மாத வெள்ளிக்கிழமை வரைக்கும் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்போது நாங்கள் ஆக்லாந்தின் தெற்குப் புறநகரான பாபகூராவில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான், மனைவி, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். ஊரில் நான் நில அளவைக் கந்தோரில் வேலை பார்த்தவன். அங்கே காணி அளந்தவன் இங்கே ஆக்லாந்து விமான நிலையத்தில் பெட்டி ஏற்றினேன். ஓடுகிற பட்டியில் வரும் பெட்டியைத் தூக்கி வண்டியில் அடுக்குவது, வண்டியிலிருந்து எடுத்து விமானத்தின் வயிற்றுக்குள் தள்ளுவது, இவ்வளவுதான் உத்தியோகம். முதுகு போனதைத் தவிர அதில் எனக்குக் குறை ஒன்றும் இருக்கவில்லை.

மனைவியின் தகப்பன் சிட்னியில் மூத்த மகனோடு இருந்தார். இரண்டு வருடத்துக்கு முன்தான் ஊரிலிருந்து அங்கே வந்து சேர்ந்திருந்தார். மனைவி அவரைப் பார்த்து ஒன்பது வருடம். மூன்றரை மணி நேரப் பறப்பில் இருக்கிற மனிதரைப் போய்ப் பார்க்க எங்களுக்கு இரண்டு வருடம் போதவில்லை. முதலில் குடியுரிமை வரட்டும் என்றோம், பிறகு புதுக் கடவுச்சீட்டு வரட்டும் என்றோம், அதுவும் வந்த பிறகு டிசம்பரில் பிள்ளைகளோடு போவோம் என்றோம். ஜூனில், ஒரு வியாழக்கிழமை பின்னேரம், மாமாவுக்கு நெஞ்சடைப்பு வந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் போட்டிருக்கிறது என்று அவளுடைய அண்ணன், என் மச்சான், தொலைபேசி எடுத்துச் சொன்னார். இந்த முறை அது உண்மையான "கடுமை"தான்.

மறுநாளிலிருந்து நீண்ட வார இறுதி. திங்களும் விடுமுறை. ஆக்லாந்திலிருந்து சிட்னிக்குப் போகிற எல்லா விமானமும் நிரம்பி வழிந்தது. எனக்குத் தெரிந்த மேற்பார்வையாளர்கள், பயணப் பதிவு மேசைப் பெண்கள், ஒருவரையும் விடாமல் தொலைபேசியில் கெஞ்சினேன். ஆறு வருடமாக உலகத்தார் பெட்டியெல்லாம் ஏற்றினவனுக்குத் தன் பெண்சாதியை ஏற்ற ஓர் இடம் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு பெண் சொன்னாள்: ஹமில்டனிலிருந்தும் வெள்ளி காலை ஒன்பது மணிக்கு சிட்னிக்கு ஒரு விமானம் இருக்கிறது, அதுவும் நிரம்பித்தான் இருக்கிறது, ஆனால் போய் நின்றால் வராமல் விட்ட யாரோ ஒருவருடைய இடம் கிடைக்கலாம்.

ஹமில்டன் எங்கள் வீட்டிலிருந்து தெற்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலான ஓட்டம். அங்குள்ள விமான நிலையம் பால்பண்ணைகளுக்கு நடுவே இருக்கிறது. அதுவரை உள்ளூர்ச் சின்ன விமானங்கள் வந்து போன இடம். அந்த வருடங்களில் அங்கேயிருந்து மலிவு விலையில் அவுஸ்திரேலியாவுக்குப் பறக்கத் தொடங்கியிருந்தார்கள், அதுவும் கிழமையில் சில நாள்தான். ஆக்லாந்துச் சனமே காசை மிச்சம் பிடிக்க அங்கே ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் ஓடியது வேறு காரணத்துக்காக.

வெள்ளி காலை ஆறு மணிக்கு மனைவி குளியலறையில் இருந்தாள். தொலைபேசி அடித்தது. மச்சான்.

"மச்சான், அப்பா போட்டார்" என்றார். அழுது முடித்த குரல். "ஒரு மணித்தியாலத்துக்கு முன்னம். அவள் பக்கத்தில நிக்கிறாளோ?"

"இல்லை, குளிக்கிறா."

"அவளிட்ட ஒண்டும் சொல்லிப்போடாதையும். கடுமை எண்டு மட்டும் சொல்லும். தனிய வாறவள், பிளேனுக்கை மயங்கி விழுந்தாளெண்டா ஆர் பாக்கிறது? இஞ்ச வரட்டும். நாங்கள் இத்தினை பேர் இருக்கிறம், பக்குவமாச் சொல்லுவம்."

"ஓம்" என்றேன். அவ்வளவுதான், வேறு ஒன்றும் யோசிக்கவில்லை. அவர் சொன்னது எனக்கு முழுக்க நியாயமாகவே பட்டது. மச்சானின் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அவள் ஈரத் தலையோடு ஓடி வந்தாள். "ஆர்? அண்ணாவோ? என்னவாம்?"

"அப்பிடியேதான் இருக்கிறாராம். கெதியா வெளிக்கிடட்டாம்."

அவள் சாமிப் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். நான் சமையலறைக்குள் போய் வெறும் கோப்பை ஒன்றைக் கழுவினேன். கைக்கு வேறு வேலை தெரியவில்லை.

பெட்டி அடுக்கும்போது ஒரு கம்பளிச் சட்டையை எடுத்து மடித்தாள். மாமா குளிருக்குப் பயந்தவர், போகும்போது கொடுக்கலாம் என்று மானுரேவா கடையில் போன மாதம் வாங்கி வைத்தது. கை அளவாக இருக்குமோ என்று என்னிடம் கேட்டாள். இருக்கும் என்றேன். அவள் பிள்ளைகளை எழுப்பப் போன நேரம், அலுமாரியைத் திறந்து வெள்ளைக் கரை போட்ட ஒரு நூல் சேலையை எடுத்தேன். செத்த வீட்டுக்குக் கட்ட அவளிடம் அது ஒன்றுதான் இருந்தது. பெட்டியின் அடியில் சொருகப் பார்த்தேன். மேலே அந்தக் கம்பளிச் சட்டை கிடந்தது. சேலையைத் திரும்பவும் அலுமாரிக்குள் வைத்துவிட்டேன்.

பிள்ளைகளை இரண்டு வீடு தள்ளி இருந்த மலேசியத் தமிழ்ப் பெண்ணிடம் விட்டோம். அவர் ஆஸ்பத்திரியில் தாதி. "நீங்க கவலப்படாம போங்க, பள்ளிக்கு நான் விட்டுடறேன்" என்றவர், என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு வேறு ஒன்றும் கேட்கவில்லை. தாதிமாருக்கு முகம் வாசிக்கத் தெரியும்.

பொம்பே குன்றுகள் வரைக்கும் வானம் தெளிவாக இருந்தது. அந்தக் குன்றுகளுக்கு யார் அப்படிப் பெயர் வைத்தார்களோ, அவற்றைத் தாண்டி இறங்கியதும் வெள்ளை. வைகாட்டோ ஆறு எங்கள் பக்கத்தில்தான் ஓடுகிறது, ஆனால் தெரியவில்லை. முன்னால் போன பால் வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. நான் வேகத்தைக் குறைத்தேன்.

"கொஞ்சம் கெதியா விடுங்கோவன்" என்றாள்.

"பனி மூடியிருக்கு. தெரியேல்லை."

"அவர் எனக்காகத்தான் உயிரைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறார். எனக்குத் தெரியும். ஒருக்கா நான் போய் நிண்டா காணும்."

நான் காலை அழுத்தினேன். செத்த மனிதரைப் பிழைப்பிக்க அந்த மூடுபனிக்குள் நூறில் ஓடினேன். எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை அப்போது மறந்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். சர்வதேச விமான நிலையம் என்றால் எனக்கு ஆக்லாந்துதான் கணக்கு. இது பள்ளிக்கூட மண்டபம் அளவு. மூன்று நான்கு பதிவு மேசை, ஒரு தேநீர்க் கடை, ஒரு பொதுத் தொலைபேசி, புல்வெளியைப் பார்த்தபடி ஒரு பெரிய கண்ணாடிச் சுவர். குடிவரவு மேசைக்குப் போகிற வழியை ஒரு மறைப்புப் பலகையால் பிரித்திருந்தார்கள். மண்டபம் நிறையச் சனம், குடும்பம் குடும்பமாக, விடுமுறைக் களிப்பில். கண்ணாடிக்கு வெளியே ஓடுபாதை இருக்க வேண்டிய இடத்தில் பாலை ஊற்றினது போல மூடுபனி.

மேசைப் பெண் எங்கள் பெயரை எழுதிக்கொண்டாள். சிட்னியிலிருந்து வந்த விமானம் இங்கே இறங்க முடியாமல் ஆக்லாந்தில் இறங்கி நிற்கிறது என்றாள். பனி விலகினால் இங்கே வரும். எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில், நான் தினமும் பெட்டி ஏற்றுகிற அதே தரையில், அந்த விமானம் நின்றுகொண்டிருந்தது. அதைத் தேடிக்கொண்டு நாங்கள் நூறு கிலோமீற்றர் வந்திருக்கிறோம். வேறு ஒரு நாளாக இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

ஒன்பது மணி ஆயிற்று. பத்து ஆயிற்று. தேநீர் வாங்கிக்கொண்டு வந்தேன். அவள் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"அப்பான்ரை முகத்தைப் பாக்கும்வரைக்கும் பச்சைத் தண்ணியும் குடிக்கிறேல்லை எண்டு நல்லூரானுக்கு நேர்ந்திட்டன். நீங்கள் குடியுங்கோ."

நான் குடித்தேன். தொண்டை காய்ந்திருந்தது, குடித்தேன். அந்த நேர்த்தியைக் கேட்ட பிறகும் வாயைத் திறக்காமல் இருந்தேனே என்று இன்றைக்கும் என்மேல் எனக்கு ஆத்திரம் வரும். உண்மையில் திறந்தும் பார்த்தேன்.

"இஞ்சரும்" என்றேன். "ஒருவேளை நீர் போறதுக்கிடையில..."

அவள் தன் கையால் என் வாயைப் பொத்தினாள். அத்தனை வெள்ளைக்காரருக்கும் நடுவில். "அபசகுனமா ஒண்டும் கதையாதேங்கோ. உங்கடை வாயால வேண்டாம்."

அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? சாவை மறைக்கச் சொல்லி ஒரு வழக்கம், சாவை வாயெடுத்துச் சொல்லக்கூடாது என்று இன்னொரு வழக்கம். இரண்டுக்கும் நடுவில் நான் பாக்குவெட்டியில் அகப்பட்ட பாக்காக இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு எடுத்துக் கேட்போம் என்று சில்லறையோடு எழும்பினாள். பொதுத் தொலைபேசி பத்தடியில் இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் யாருக்கும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்றேன். அப்படியானால் வீட்டுக்கு எடுப்போம் என்றாள். எல்லாரும் ஆஸ்பத்திரியில் நிற்பார்கள் என்றேன். பொய் சொல்வது இவ்வளவு சுலபம் என்று எனக்கு முன்பு தெரியாது. அவள் நம்பினாள், நம்பிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்ல காலம் நீங்கள் பக்கத்தில நிக்கிறீங்கள்" என்றாள். அந்த நேரம் யாராவது என் கன்னத்தில் அறைந்திருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

எங்கள் வரிசையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி தனியே இருந்தார். அறுபது வயதிருக்கும். கையில் பின்னல் வேலை. டெ அவமுத்து என்கிற ஊர்ப் பக்கம் மாடு வளர்க்கிற குடும்பம். அவர் மனைவியின் அழுத கண்ணைக் கண்டு என்ன என்று கேட்டார். தன் அரைகுறை ஆங்கிலத்தில் மனைவி எல்லாவற்றையும் சொன்னாள்: ஒன்பது வருடம், நெஞ்சடைப்பு, இடம் இல்லை. அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு தன்னைப் பற்றிச் சொன்னார். அவருடைய தங்கை சிட்னியில் புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறாளாம், மருத்துவர் அடுத்த வாரம் வரைக்கும் என்று சொல்லியிருக்கிறாராம். "எனக்கு இருக்கிறது அவள் ஒருத்திதான்" என்றார். ஆங்கிலத்தில் சொன்னதுதான், எனக்குத் தமிழாகவே ஞாபகம் இருக்கிறது.

பன்னிரண்டு மணி அளவில் கண்ணாடிக்கு வெளியே புல் தெரிந்தது, பிறகு வேலி, பிறகு வேலிக்கு அப்பால் மாடுகள். விமானம் ஆக்லாந்திலிருந்து கிளம்பிவிட்டது என்று அறிவித்தார்கள். மண்டபம் கைதட்டியது. மேசைப் பெண் எங்களைக் கூப்பிட்டாள். பதிவுசெய்த எல்லாரும் வந்துவிட்டார்கள், ஓர் இடமும் மிச்சமில்லை, மன்னிக்க வேண்டும் என்றாள்.

நான் செய்ததை இப்போது எழுதவே கூசுகிறது. நான் கத்தினேன். மேசையில் அடித்துக் கத்தினேன். ஒரு மனிதர் சாகக் கிடக்கிறார், இவள் அவருடைய மகள், உங்களுக்கெல்லாம் இதயம் இல்லையா என்று கத்தினேன். கண்ணீர்கூட வந்தது. நடிப்பு என்றும் சொல்ல முடியாது. யார்மேல் கத்துகிறேன் என்றுதான் எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும், பாவம், அவளும் அழத் தொடங்கிவிட்டாள். மனைவி மேசையைப் பிடித்தபடி நிலத்தில் இருந்துவிட்டாள். "அப்பா, அப்பா" என்று அவள் வைத்த ஒப்பாரிக்கு மண்டபம் முழுக்க அமைதியாகிவிட்டது.

பின்னல்காரப் பெண்மணி எழும்பி வந்தார். தன் பயணச் சீட்டை மேசைமேல் வைத்தார்.

"என்னுடைய இடத்தை இந்தப் பிள்ளைக்குக் கொடு" என்றார். "என் தங்கைக்கு இன்னும் நாள் இருக்கிறது. இவளுடைய தகப்பனுக்கு இல்லை."

என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். இடம் கிடைக்கப்போகிறது என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

ஒரு சொல் போதும். அவர் காலையிலேயே இறந்துவிட்டார் என்று சொன்னால் எல்லாம் அந்த இடத்தில் நின்றுவிடும். சீட்டு அந்த அம்மாவின் கைப்பைக்குள் திரும்பிப் போகும். சாகாத ஒருத்தியிடம் அவர் போய்ச் சேர்வார். எங்களுக்குத் திங்களோ செவ்வாயோ ஓர் இடம் கிடைக்கும், மாமாவைக் குளிரூட்டியில் வைத்திருப்பார்கள், செத்தவருக்கு அவசரம் இல்லை. இவ்வளவு கணக்கும் அந்தக் கணத்திலேயே எனக்கு ஓடியது. காணி அளந்தவனுக்குக் கணக்குப் பிழைக்காது.

"வேண்டாம்" என்றேன். "நீங்கள் போங்கள். உங்கள் தங்கை முக்கியம். நாங்கள் வேறு வழி பார்க்கிறோம்."

அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். "விசர்க் கதை கதைக்காதே" என்கிற மாதிரி ஏதோ சொன்னார். நான் மரியாதைக்கு மறுக்கிறேன் என்று எடுத்துக்கொண்டுவிட்டார். நாங்கள் எதையும் இரண்டு தரம் வேண்டாம் என்று சொல்லித்தான் மூன்றாம் தரம் வாங்குகிறவர்கள் என்பது அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. நான் இரண்டாம் தரமும் வேண்டாம் என்றேன். "உங்களுக்கு விசரே!" என்று மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "தாறவையைத் தடுக்கிறீங்கள்!" அவள் கண்ணில் அப்படியொரு வெறுப்பை நான் முன்பு கண்டதில்லை. மூன்றாம் தரம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

மேசைப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெயரை மாற்றினாள். அந்த அம்மாவுக்குத் திங்கட்கிழமை ஓர் இடம் போட்டுக் கொடுத்தாள். மனைவி குனிந்து அவருடைய காலைத் தொட்டாள். ஏதோ விழுந்துவிட்டது, தேடுகிறாள் என்று நினைத்து அவரும் சேர்ந்து நிலத்தைப் பார்த்தார். பிறகு விளங்கி, முகம் சிவந்து, அவளைத் தூக்கிக் கட்டிக்கொண்டார். மறைப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் மறையும்வரை மனைவி திரும்பித் திரும்பி அவரைத்தான் கும்பிட்டாள். என்னைப் பார்க்கவில்லை.

ஒன்றேகாலுக்கு விமானம் கிளம்பியது. பின்னல்கார அம்மாவைக் கொண்டுவந்து விட்ட கணவர் காலையிலேயே பண்ணைக்குத் திரும்பியிருந்தார், பால் வேலை. நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். இருபது நிமிட ஓட்டம். காருக்குள் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். இப்போது கேட்க மனைவி இல்லை, தடை ஒன்றும் இல்லை. ஆனால் அவர் வழி முழுக்கத் தங்கையைப் பற்றியே கதைத்தார். சின்ன வயதில் இருவரும் ஒரே குதிரையில் பள்ளிக்கூடம் போனார்களாம். தங்கைதான் முன்னால் இருப்பாளாம், விடமாட்டாளாம். அவர் சிரித்தார். நான் "ஓம், ஓம்" என்று தலையாட்டிக்கொண்டு ஓட்டினேன். பண்ணை வாசல் படலைக்கு வந்ததும் ஒரு கடதாசியில் தொலைபேசி எண்ணை எழுதித் தந்தார்.

"உன் மாமனார் எப்படி இருக்கிறார் என்று எனக்குச் சொல்ல வேண்டும். மறந்துவிடாதே" என்றார்.

பாபகூராவுக்கு வந்து சேர்ந்து, பிள்ளைகளைக் கூட்டிவந்து, முட்டை பொரித்துக் கொடுத்தேன். தாத்தா எப்படி என்று மூத்தவள் ஆங்கிலத்தில் கேட்டாள். அம்மா போயிருக்கிறா என்றேன். அதுவும் பதில் இல்லை.

ஆறரை மணிக்குத் தொலைபேசி. மனைவி. அவள் குரல் ஆண் குரல் மாதிரித் தடித்துப்போயிருந்தது.

"உங்களுக்குக் காலமையே தெரியுமாம். அண்ணா சொன்னார்."

"ஓம்" என்றேன்.

அவள் அழுவாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன். நான் நேர்ந்ததையும் கேட்டுக்கொண்டு இருந்தீங்களே என்று கேட்பாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"அந்த மனுசிக்குச் சொன்னீங்களோ?"

"இல்லை."

"அவவின்ரை தங்கச்சி சாகக் கிடக்கிறா. நான் ஒரு பிரேதத்தைப் பாக்க அவவின்ரை இடத்தில வந்திருக்கிறன். இப்பவே எடுங்கோ. எடுத்து உண்மையைச் சொல்லுங்கோ. எப்பிடியெண்டாலும் அவவுக்கு ஒரு இடம் எடுத்துக் குடுங்கோ. உங்கடை எயார்போட்டில ஆரின்ரை காலிலயெண்டாலும் விழுங்கோ. செய்யாட்டி எனக்கு முன்னால வராதேங்கோ."

நான் விழுந்தேன். காலில் இல்லை, தொலைபேசியில். ஒரு மணி நேரம், ஒரு மேற்பார்வையாளரிடமிருந்து இன்னொருவரிடம். கடைசியில் சனி காலை ஆக்லாந்திலிருந்து போகிற விமானத்தில் ஊழியர்களுக்கென்று வைத்திருந்த ஓர் இடத்தைத் தருவதாக ஒருவர் ஒத்துக்கொண்டார். முந்தின நாள் என் மனைவிக்காகக் கெஞ்சியதைவிட அன்றைக்குக் கூடுதலாகக் கெஞ்சியிருக்கிறேன், அதனால்தான் கிடைத்தது என்று தோன்றியது. நானே விடிய வந்து கூட்டிப்போவேன் என்று சொல்வதற்கு வார்த்தைகளை அடுக்கி வைத்துக்கொண்டேன். உண்மையை முதலில் சொல்வது, இடத்தைப் பிறகு சொல்வது. கடதாசியில் இருந்த எண்ணை அழுத்தினேன்.

கணவர் எடுத்தார். நான் யார் என்று சொன்னேன்.

"ஓ, நீயா" என்றார். குரல் மெதுவாக இருந்தது. "சிட்னியிலிருந்து இப்போதுதான் எடுத்தார்கள். அவளுடைய தங்கை போய்விட்டாள். அரை மணி நேரம் இருக்கும்."

விமானம் இறங்கி மூன்று மணி நேரம்தான் ஆகியிருக்கும் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது. இறங்கினது சிட்னி நேரம் மூன்று மணிக்கு முன். அந்த அம்மா அதில் போயிருந்தால் நாலு மணிக்கெல்லாம் தங்கையின் கட்டில் பக்கத்தில் இருந்திருப்பார். ஒரு மணி நேரம் இருந்திருக்கும்.

"அவள் அதைத் தாங்கிக்கொண்டிருப்பதே உன் மனைவியால்தான்" என்றார். "அந்தப் பிள்ளையாவது தகப்பனிடம் போய்ச் சேர்ந்தாளே என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். போய்ச் சேர்ந்தாள்தானே? நேரத்துக்கு?"

பிள்ளைகள் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறந்தேன். இந்த முறை பொத்த ஒருவரும் இல்லை.

"ஓம்" என்றேன். "நேரத்துக்குப் போய்விட்டாள். மாமா கண் திறந்து பார்த்தார். கையைப் பிடித்தார். அதற்குப் பிறகுதான் போனார்."

அவர் தொலைபேசியை அப்பால் பிடித்து உள்ளே யாருக்கோ அதைச் சொன்னார். ஒரு பெண் பெரிதாக அழுகிற சத்தம் கேட்டது. பிறகு அவர் திரும்பி வந்து, "நன்றி, மகனே" என்றார்.

மறுநாள் மனைவி எடுத்தாள். சொன்னீங்களோ என்று கேட்டாள். சொன்னன் என்றேன். இடம் கிடைத்ததோ என்று கேட்டாள். கிடைத்தது என்றேன், அதில் பொய் இல்லை. தங்கச்சியைக் கண்டுவிட்டாவோ என்று கேட்டாள்.

"கண்டிட்டாவாம்" என்றேன்.

மறுமுனையில் அவள் தண்ணீர் குடிப்பது கேட்டது. அவள் பதின்மூன்று நாள் கழித்து வந்தாள். என்னை மன்னித்ததாக ஒருநாளும் சொல்லவில்லை. ஆனால் அந்த மனுசிக்காவது நான் உண்மை சொன்னேன், அவவைத் தங்கையிடம் சேர்த்தேன் என்பதை வைத்துக்கொண்டுதான் என்னோடு இத்தனை வருடம் இருந்திருக்கிறாள். நான் எழுதுவதை அச்சில் வந்த பிறகுதான் அவள் வாசிப்பாள். இதையும் அப்படித்தான் தெரிந்துகொள்ளப்போகிறாள்.